ஃபவுண்டரியில் ஆன்லைன் பாதுகாப்புப் பயிற்சி: மென்பொருளைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

கோயம்புத்தூர் வட்டாரத்தில் நடுத்தர அளவில் ஒரு ஃபவுண்டரி என்று வைத்துக்கொள்வோம். பம்ப் கேசிங், இம்பெல்லர், மோட்டார் பாடி வார்க்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் எல்லாம் சேர்த்து இருநூறு பேர். மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த உங்களிடம், "பாதுகாப்புப் பயிற்சியை ஆன்லைனுக்கு மாற்றிவிடுங்கள்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். சில நாளில் மென்பொருள் விற்பவர் ஒருவர் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்து வண்ண வண்ண வரைபடங்களைக் காட்டத் தொடங்குவார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். இடைப்பட்ட நாட்களில் செய்கிற வேலைதான் உண்மையான தேர்வு. மென்பொருள் வாங்குவது அதன் பின்னால் வரும் சின்ன வேலை.

இரும்பு வார்க்கும் ஆலையை வைத்தே இங்கே பேசுகிறேன். உங்களுடையது நூற்பாலையாகவோ பிளாஸ்டிக் மோல்டிங் ஆலையாகவோ இருந்தால் ஆபத்துகளின் பெயர் மாறும். வேலையின் வரிசை மாறாது.

முதல் வேலை: ஆபத்துப் பட்டியல்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஆலைக்குள் போங்கள். உலை மேடை, மணல் அச்சு செய்யும் மோல்டிங், உள் அச்சு செய்யும் கோர் ஷாப், உலோகம் ஊற்றும் இடம், வார்ப்பின் பிசிறை நீக்கும் ஃபெட்லிங், குண்டுமணிகளை வேகமாக வீசி வார்ப்பைச் சுத்தம் செய்யும் ஷாட் பிளாஸ்டிங், கிரேன் என்று பகுதி பகுதியாக நின்று பாருங்கள். ஃபோர்மேனிடம் பேசுங்கள். விபத்துப் பதிவேட்டையும் முதலுதவிப் பெட்டியோடு இருக்கும் நோட்டையும் புரட்டுங்கள். இரண்டாவதில்தான் உண்மை அதிகம் இருக்கும். பெரிய விபத்தாகப் பதிவாகாத தீக்காயமும் கண்ணில் பட்ட தூசியும் அங்கேதான் கிடக்கும்.

ஒவ்வோர் ஆபத்துக்கும் எதிரே, அதைத் தவிர்க்கத் தொழிலாளி என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். பிறகு அந்தச் செயல் மூன்றில் எந்த வகை என்று குறியுங்கள்: தெரிந்துகொள்ள வேண்டியது, பார்த்து முடிவெடுக்க வேண்டியது, கையால் செய்து பழக வேண்டியது.

மின்சாரத்தால் உலோகத்தை உருக்கும் இண்டக்ஷன் உலையை எடுத்துக்கொள்வோம். ஈரமான ஸ்கிராப்பை, அதாவது உருக்கப் போடும் பழைய இரும்பை, உள்ளே போடக்கூடாது. 1,400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உருகிய இரும்புக்கு அடியில் தண்ணீர் சிக்கினால் அது நொடியில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கும் மேல் விரியும். மேலே இருக்கும் உலோகம் மேடையில் நிற்பவர்மீது வந்து விழும். மழைக்காலத்தில் திறந்தவெளியில் கிடந்த ஸ்கிராப், ஷாக் அப்சார்பர் போன்ற மூடிய உருளைகள், இருபுறமும் நசுங்கி அடைபட்ட குழாய் எல்லாமே இந்த வகைதான். இது 'தெரிந்துகொள்ள வேண்டியது'. ஒரு நல்ல வீடியோ இதைச் சொற்பொழிவைவிடத் தெளிவாகக் காட்டிவிடும்.

குவியலைப் பார்த்து எதை ஒதுக்குவது என்பது 'முடிவெடுக்க வேண்டியது'. உங்கள் ஸ்கிராப் யார்டிலேயே எடுத்த இருபது புகைப்படங்களைத் திரையில் காட்டி, "போடலாமா, கூடாதா?" என்று கேட்கலாம். உலையில் ஸ்கிராப் மேலே பாலம்போல் சிக்கிக்கொண்டு, கீழே உலோகம் அளவுக்கு மீறிச் சூடேறும் பிரிட்ஜிங் நிலையை அடையாளம் கண்டு, மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி ஆட்களை விலக்குவதும் இதே வகை. இது அடிக்கடி நடக்காது, நடக்கும்போது யோசிக்க நேரமும் இருக்காது. ஆன்லைன் பயிற்சி முழுப் பலன் தருவது இப்படிப்பட்ட இடங்களில்தான்: நேரில் காட்ட முடியாததை, காட்டக்கூடாததைத் திரையில் காட்டலாம்.

மூன்றாவது வகைக்கு வாருங்கள். ஃபெட்லிங்கில் புதிய கிரைண்டிங் வீலை மாட்டுமுன் அதைத் தட்டி ஓசை பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் மணியோசை வராது, மந்தமாக ஒலிக்கும். வீலில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மாட்டிய பிறகு காப்பு மூடி (கார்டு) இருக்கும் நிலையில், ஒதுங்கி நின்று, சிறிது நேரம் வெறுமனே ஓடவிட வேண்டும். சிலிக்கா தூசுக்கான முகக்கவசம் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்; தாடி வைத்திருப்பவருக்கு அது உட்காராது. இந்தத் தூசால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் வந்தபின் குணப்படுத்த வழி இல்லை என்பதால் இதில் சமரசத்துக்கு இடமே கிடையாது. இவற்றை எந்த மென்பொருளும் கற்றுத் தராது. வீடியோ பார்த்துவிட்டு வந்தவர் கையில் வீலையும் கவசத்தையும் கொடுத்து, ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் வேண்டும்.

பட்டியல் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் மூன்றாவது வகையில் விழுந்திருந்தால் வியப்படைய வேண்டாம். பெரிய மென்பொருளுக்கு ஒதுக்க நினைத்த தொகையில் ஒரு பகுதியைப் பயிற்சி மேசைக்கும், பழுதான வீல்களுக்கும், பயிற்றுநரின் நேரத்துக்கும் மாற்றச் சொல்லி மேலாளரிடம் பேச இந்தப் பட்டியல் உதவும்.

சட்டம் என்ன எதிர்பார்க்கிறது

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 7ஏ பிரிவு தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை நான்கையும் சேர்த்தே ஆலை நடத்துபவரின் கடமையாக வைத்தது. 111ஏ பிரிவு பயிற்சியைத் தொழிலாளரின் உரிமை என்றது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்துள்ளது. ஃபவுண்டரி ஆபத்தான செய்முறைகள் பட்டியலில் வரும் தொழில். புதிய தொகுப்பின்படி இத்தகைய ஆலையில் 250 தொழிலாளர் இருந்தாலே பாதுகாப்பு அலுவலர் வேண்டும். பழைய சட்டத்தில் பொதுவான வரம்பு 1,000. இருநூறு பேர் உள்ள ஆலையில் அப்படி ஒருவர் இருக்க மாட்டார், அதனால்தான் இந்த வேலை உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. மாநில விதிகளின் இன்றைய நிலையையும் பதிவேடுகளின் வடிவத்தையும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

திரையில் மட்டும் பயிற்சி நடத்தினால் போதுமா என்ற கேள்விக்கு, அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா நெடுநாளாகச் சொல்லிவரும் பதிலை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: கணினிவழிப் பாடம் பயிற்சியின் ஒரு பகுதியாக இருக்கலாம், ஆனால் தகுதியுள்ள ஒருவரிடம் சந்தேகம் கேட்க வழி இருக்க வேண்டும், கையால் செய்ய வேண்டியதைக் கையால் செய்து பார்க்க வேண்டும். பயிற்சி தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் சொற்களிலும் இருக்க வேண்டும் என்பதையும் 2010இல் அது கொள்கையாக அறிவித்தது. நம் ஊர் ஆலையை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதைவிடக் குறைவாக நாம் ஏன் செய்ய வேண்டும்?

யார் படிக்கப் போகிறார்கள்

தொழிலாளர் பட்டியலை வாங்கி நான்கு விவரங்களைச் சேருங்கள்: பேசும் மொழி, படிக்கத் தெரிந்த மொழி, கையில் இருக்கும் போன், ஒப்பந்ததாரர் யார். முதல் இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள். ஒடியா பேசும் இளைஞர் இந்தியைப் புரிந்துகொள்வார், எதையும் வேகமாகப் படிக்க மாட்டார். தமிழ்நாட்டு மூத்த தொழிலாளிக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், சின்னத் திரையில் எழுத்து தெரியாது. இந்த ஒரு பட்டியலே சந்தையில் இருக்கும் பாதி மென்பொருட்களைக் கழித்துவிடும்; அவை மின்னஞ்சல் முகவரி இல்லாதவரை உள்ளே விடாது.

செல்போன் எண்ணுக்கு ஓடிபி அனுப்பி நுழையும் முறையும் நம்பும்படி இல்லை. வெளி மாநிலத்திலிருந்து வருபவர்கள் சிம் மாற்றுவது வழக்கம். ஒரே போனை அறையில் இருவர் பகிர்வதும் உண்டு. உலைப் பகுதியில் போனே கூடாது என்ற விதி இருக்க வேண்டும். ஆகவே பயிற்சி அறையில் நாலைந்து டேப்லெட், தொழிலாளியின் டோக்கன் எண், நாலிலக்க ரகசிய எண் (பின்) என்ற ஏற்பாடு பெரும்பாலான ஆலைகளுக்குப் போதும். ஹெட்போனும் வாங்குங்கள்; பக்கத்திலேயே ஷாட் பிளாஸ்டிங் ஓடும்போது டேப்லெட்டின் ஒலி யார் காதிலும் விழாது.

இன்னொன்றை இப்போதே மேலாளரிடம் முடிவாகப் பேசிவிடுங்கள். பயிற்சி வேலை நேரத்தில் நடக்க வேண்டும். "போனில் அனுப்பிவிட்டோம், ராத்திரி அறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற திட்டத்தில் பத்து மணி நேரம் உழைத்தவர் வீடியோவை ஓடவிட்டுத் தூங்குவார். பதிவேட்டில் 'முடித்தார்' என்றிருக்கும்.

பாடம் எந்த வடிவில்

வெளிநாட்டு ஆலையில் எடுத்த பளபளப்பான ஆயத்தப் பாடங்கள் மலிவாகக் கிடைக்கும். அதில் வரும் உலை உங்கள் உலை அல்ல, சைரன் உங்கள் சைரன் அல்ல. பொதுவான விஷயங்களுக்கு மட்டும் அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல மொழிக்காரர் உள்ள இடத்துக்கு, ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து தயாரிக்கும் நேப்போ என்ற பேச்சில்லாத கார்ட்டூன் தொடர் நல்ல துணை. இலவசம், எந்த மொழிக்காரரும் பார்த்துச் சிரிக்கலாம், பிறகு பேச்சைத் தொடங்கலாம்.

உயிர்போகும் ஆபத்துள்ள நாலைந்து வேலைகளுக்கு உங்கள் ஆலையிலேயே வீடியோ எடுங்கள். போன் கேமராவும் ஒரு ஸ்டாண்டும் போதும். ஆனால் உலோகம் ஊற்றும் நேரத்தில் கேமராவோடு யாரும் கிட்டே போகக்கூடாது. தூரத்தில் ஸ்டாண்டில் பொருத்திவிட்டு விலகிவிடுங்கள். ஒரு வீடியோ, ஒரு செயல், ஐந்து நிமிடத்துக்குள். குரலை அலுவலகத்தில் இருப்பவர் கொடுக்க வேண்டாம். அந்த வேலையைச் செய்யும் மூத்த தொழிலாளியே பேசட்டும். ஒடியாவுக்கும் இந்திக்கும் அதே ஆலைத் தளத்தில் வேலை செய்யும் ஒருவரைப் பேசவையுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு இப்போது நன்றாகவே வளர்ந்துவிட்டது. இந்திய மொழிகளுக்கு அரசின் பாஷிணி திட்டமும் இருக்கிறது. வரைவு எடுக்க அவை உதவும். அந்த மொழி பேசும் தொழிலாளி கேட்டு, "சரி" என்று சொல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள்.

கோப்பின் அளவையும் கணக்கிடுங்கள். விநாடிக்கு 1 மெகாபிட் என்ற தரத்தில் ஐந்து நிமிட வீடியோ சுமார் 37 எம்பி வரும். பாதியாகச் சுருக்கினால் 19 எம்பி. சின்னத் திரையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. டேப்லெட்டில் முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் வைஃபை போன நாளிலும் வகுப்பு நடக்கும்.

வினாக்களைப் படமாகக் கேளுங்கள். "மேற்கண்ட அனைத்தும்" என்ற விடை இருக்கும் கேள்வியை எழுதாதீர்கள். அது பள்ளிப் பழக்கம், எல்லாரும் அதையே அழுத்துவார்கள்.

விர்ச்சுவல் ரியாலிட்டி கண்ணாடியைப் பற்றி மேலாளர் கட்டாயம் கேட்பார். உயரத்தில் வேலை, தீயணைப்பு, உலை அவசரநிலை போன்றவற்றை ஆபத்தில்லாமல் ஒத்திகை பார்க்க அது நல்ல கருவிதான். சிலருக்குத் தலைசுற்றும், ஒவ்வொருவருக்குப் பின்னும் துடைக்க வேண்டும், உங்கள் ஆலைக்கென்று காட்சி தயாரிக்கப் பெரிய செலவாகும். இருநூறு பேர் ஆலைக்கு முதல் ஆண்டில் வேண்டாம்.

இப்போது மென்பொருள்

இருப்பதிலேயே எளியது வாட்ஸ்அப் குழுவும் கூகுள் படிவமும். செய்தி பரப்ப வாட்ஸ்அப் நல்லது. நீல டிக் பயிற்சிச் சான்று ஆகாது. முப்பது நாற்பது பேர் உள்ள சிறு பட்டறைக்கு, டேப்லெட்டில் வீடியோ, ஒரு படிவம், ஒரு கையெழுத்து நோட்டு என்பதே நிறைவான ஏற்பாடு. அதற்கு மேல் வாங்க வைப்பவரை நம்பாதீர்கள்.

அடுத்தது மூடில். 2002இல் ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் வெளியிட்ட, ஆன்லைனில் பாடம் நடத்த உதவும் திறந்த மூல மென்பொருள் இது. உரிமக் கட்டணம் இல்லை. சர்வர் வாடகையும் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். தமிழ் இடைமுகம் உண்டு, சில பொத்தான்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும். வீடியோவின் நடுவே கேள்வி வைக்க ஹெச்5பி என்ற கருவி அதனுடன் இயங்கும். அதன் மொபைல் செயலியில் பாடத்தை இறக்கி இணையம் இல்லாமலும் பார்க்கலாம். செயலியின் இலவசத் திட்டத்தில் சில கட்டுப்பாடுகள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். கணினி தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் நிலையாக இருக்கும் ஆலைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

மூன்றாவது, மாதக் கட்டணத் தளங்கள். பராமரிப்புத் தலைவலி இல்லை, அறிக்கைகள் அழகாக வரும். இங்கே விலைப்பட்டியலை நிதானமாகப் படியுங்கள். பயனருக்கு இவ்வளவு என்ற கட்டணம், ஆட்கள் மாறாத வங்கி அலுவலகத்துக்குப் பொருந்தும். ஃபவுண்டரியில் இருநூறு இடங்களுக்கு ஆண்டில் முந்நூறு பேர் வந்து போகலாம். பதிவு செய்த எல்லாருக்கும் கட்டணமா, அந்த மாதத்தில் உள்ளே நுழைந்தவருக்கு மட்டுமா, வேலையை விட்டவரின் இடத்தைப் புதியவருக்குக் கொடுக்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள். சேமிப்பு இடம், கூடுதல் மொழி, ஆதரவு அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள்.

விற்பவர் வாயில் ஸ்கார்ம் என்ற சொல் வரும். பாடக் கோப்பும் தளமும் ஒன்றோடொன்று பேச உதவும் பொதுத் தரம் அது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் பிறந்தது. 2001இல் வந்த 1.2 பதிப்பு இன்றும் பரவலாக ஓடுகிறது. அதில் ஒரு பாடத்தின் நிலையைச் சொல்ல ஒரே ஓர் இடம்தான் உண்டு: முடித்தாரா, தேறினாரா என்பது தனித்தனியாக வராது. 2004 பதிப்பில் இரண்டும் பிரிந்தன. 2013இல் வந்த எக்ஸ்ஏபிஐ என்ற புதிய தரம், திரைக்கு வெளியே நடப்பதையும் பதியவல்லது; ஃபோர்மேன் நேரில் பார்த்துத் தந்த ஒப்புதலைக்கூட அதில் சேர்க்கலாம். ஆழமாகப் புரிய வேண்டிய அவசியம் இல்லை. நாளை வேறு தளத்துக்கு மாறினால் பாடத்தை எடுத்துப்போக முடியுமா, தேர்வுப் பதிவுகளை எக்செல் கோப்பாக எடுக்க முடியுமா என்ற இரண்டு கேள்விக்கும் நேரான பதில் வர வேண்டும். மழுப்பினால் அந்தத் தளம் வேண்டாம்.

சோதனை யாரை வைத்து

வாங்குமுன் ஒரு மாதச் சோதனைக் காலம் கேளுங்கள். 'உலைக்கு ஸ்கிராப் போடுதல்' பாடத்தை மட்டும் ஏற்றுங்கள். அலுவலகத்தில் இருப்பவர்களை வைத்துச் சோதித்து, "எளிதாக இருக்கிறது" என்று எழுதுவது வீண். இரவு ஷிப்டில் வரும் ஒருவர், படிக்கத் தெரியாத ஒருவர், கண்பார்வை குறைந்த மூத்தவர், நேற்றுதான் ஒப்பந்ததாரர் வழியாக வந்த ஒருவர் என நால்வரை உட்காரவையுங்கள். நீங்கள் உதவக்கூடாது, எங்கே விரல் தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். பின் எண்ணை மறந்தால் இரவு பன்னிரண்டு மணிக்கு யார் மாற்றித் தருவார்கள் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

முடிந்ததும் அவர்களை ஸ்கிராப் யார்டுக்கு அழைத்துப் போங்கள். குவியலில் ஒரு மூடிய குழாயை முன்பே வைத்துவிட்டு, தரம் பிரிக்கச் சொல்லுங்கள். ஃபோர்மேன் பக்கத்தில் இருக்கட்டும். அந்தக் குவியல் உலைக்குப் போகக்கூடாது. குழாயை யார் எடுத்துப் போட்டார்கள் என்பதுதான் அந்த மென்பொருளுக்கும் பாடத்துக்குமான மதிப்பெண்.

பதிவேடு

இரண்டு பதிவுகளைக் கலக்காமல் வையுங்கள். திரையில் பாடம் முடித்தது ஒன்று. கையால் செய்துகாட்டி, பார்த்தவர் தேதியிட்டுக் கையெழுத்திட்டது இன்னொன்று. இரண்டும் இல்லாமல் யாரையும் தனியே வேலையில் நிறுத்தக்கூடாது என்ற விதியை மேலாளரே அறிவிக்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே விதி.

சில தளங்கள் பயிற்சியின்போது முகத்தைப் படம்பிடிக்கும், இருப்பிடத்தைக் கேட்கும். அறையில் பயிற்றுநர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேவைக்கு மேல் விவரம் சேர்ப்பதை ஆதரிக்கவில்லை. பெயர், டோக்கன் எண், மொழி, பாடம், தேதி, முடிவு போதும்.

ஓடத் தொடங்கிய பிறகு

பயிற்சியின் பலனை நான்கு நிலைகளில் பார்க்கலாம் என்று டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959இல் எழுதினார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடந்துகொள்வது மாறியதா, விளைவு மாறியதா. மென்பொருள் அறிக்கை முதல் இரண்டோடு நின்றுவிடும். மூன்றாவதைப் பார்க்க நீங்கள் உலை மேடைக்குப் போக வேண்டும். வாரம் ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல், பத்து நிமிடம் நில்லுங்கள்: முகத்திரை கீழே இறங்கியிருக்கிறதா, ஸ்கிராப் உலர்ந்ததா, வீல் மாட்டியவர் தட்டிப் பார்த்தாரா. நூலிழையில் தப்பிய சம்பவங்களைத் தொழிலாளர்கள் முன்பைவிட அதிகமாக வந்து சொன்னால் பயப்படாதீர்கள். பயிற்சி வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. அப்படிச் சொன்னவரைக் கண்டித்தால் அத்தோடு நின்றுபோகும்.

மறுபயிற்சியை ஆண்டுக்கு ஒருமுறை என்று காலண்டரில் மட்டும் கட்டிப்போடாதீர்கள். நீண்ட விடுப்பிலிருந்து திரும்பியவருக்கும், பகுதி மாறியவருக்கும், ஒரு சம்பவம் நடந்த மறுநாள் அந்தப் பகுதி முழுவதற்கும் பாடம் மீண்டும் ஓட வேண்டும். தீபாவளி, பீகார் பக்கத்துச் சட் பூஜை முடிந்து ஊரிலிருந்து கூட்டமாகத் திரும்பும் வாரங்களுக்கு டேப்லெட் நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

ஒவ்வொரு வீடியோவின் முதல் திரையிலும் அது எடுக்கப்பட்ட தேதியும், எந்த உலை அல்லது இயந்திரத்துக்கானது என்பதும் இருக்கட்டும். புதிய உலை வந்தாலோ, அவசர நிறுத்தப் பொத்தான் இடம் மாறினாலோ, பழைய வீடியோவை அன்றே தளத்திலிருந்தும் எல்லா டேப்லெட்டுகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள். புதியது தயாராகும் வரை அந்தப் பாடத்தை ஃபோர்மேன் மேடையில் நின்றே நடத்தட்டும்.